பதினொரு நிர்வாகிகளும் ஒரு விசுவாசியும்

மிகுந்த மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் என் ரத்த அழுத்தம், வீட்டுக் கூரை, தண்ணீர் மோட்டார் ஆகிய மூன்றும் இதை எழுதும் நேரம் வரை சீராக இருக்கின்றன. அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அவ்விதமே குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை நலம். என்னைவிட நலம். அதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

மச்சான், நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எடையளவு இலாகாவில் முப்பத்தொரு வருடம் ஆய்வாளராக இருந்தவன். கடைக்காரன் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தால் வாசல் படியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா, சொல்லுங்கள். கையில் கடிகாரம் இருந்தது, பையில் நோட்டு இருந்தது, எதிரே நம் போதகர் இருந்தார். முதல் வாரப் பிரசங்கம் நாற்பத்தேழு நிமிடம். இரண்டாம் வாரம் ஐம்பத்திரண்டு. மூன்றாம் வாரம் ‘கடைசியாக ஒரு வார்த்தை’ என்று அவர் சொன்ன பிறகு மட்டும் பத்தொன்பது நிமிடம். இப்படி ஆறு மாதம் குறித்து வைத்து, பிரசங்கம் இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, பதினெட்டாவது நிமிடத்தில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்று ஆதாரங்களுடன் ஒரு மனு எழுதி சபைக் கமிட்டியிடம் கொடுத்தேன். தவறா? அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்க பீடத்தில் நின்றுகொண்டு என் மனுவை முதலிலிருந்து கடைசி வரை வாசித்து, அதையே பிரசங்கத்துக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அறுபத்துநான்கு நிமிடம். நடுவில், “நம்ம ஆய்வாளர் ஐயா இங்கயும் படிக்கல்லைத் தூக்கிட்டு வந்துட்டார்” என்று வேறு சொன்னார். சபை முழுவதும் சிரித்தது. மச்சான், உங்கள் தங்கையும் சிரித்தாள். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். இந்தச் சின்ன ஊருக்கு இரண்டாவதாக ஒரு சபை தேவை. ஊரே ஒரு கடைத்தெரு, ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆலயம் என்று ஒவ்வொன்றாகத்தான் இருக்கிறது, இதில் ஆலயம் மட்டும் எதற்கு இரண்டு என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் நான் வாயைத் திறந்த ஒரே வாரத்தில் என்னோடு பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். தையற்காரர் வந்தார். போதகரின் அங்கியை வெளியூரில் தைக்கக் கொடுத்துவிட்டார்களாம். “தோள் ரெண்டு விரல் இறங்கியிருக்கு சார். ஞாயித்துக்கிழமை தோறும் அதைப் பாத்துக்கிட்டு உக்கார முடியல, ஜெபத்துல கண்ணை மூடினாலும் அதான் தெரியுது” என்று கண்ணீர் விட்டார். பேக்கரிக்காரர் வந்தார். திருவிருந்துக்கு அவர் கடை ரொட்டி உதிர்கிறது என்று வேறு கடைக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வு பெற்ற நர்ஸம்மா வந்தார். நாற்பது வருடம் பாடல் குழுவில் முன் வரிசையில் நின்றவரை, குரல் கொஞ்சம் தனியாகக் கேட்கிறது என்று பின் வரிசைக்குத் தள்ளியிருக்கிறார்கள். டிராக்டர் மெக்கானிக் வந்தார். ஆலயத்தின் ஜெனரேட்டரை மூன்று நாள் உட்கார்ந்து சரி செய்து கொடுத்தவர், ஆண்டு விழா நன்றியுரையில் அவரை மட்டும் விட்டுவிட்டார்கள். அவருக்கு மூன்று தம்பிகள், அண்ணன் பேச்சைத் தட்டாதவர்கள். தம்பிகளின் மனைவிமார் மூவரும் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மட்டும் ஞாயிறு பள்ளி நாடகத்தில் வேஷம் கிடைத்துவிட்டதால் கொள்கையை விட்டுக்கொடுத்து அங்கேயே இருந்துவிட்டன.

முதல் கூட்டம் மெக்கானிக்கின் பட்டறையில் நடந்தது. சபைக்கு இடமும் அதுதான் என்று முடிவாயிற்று. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, இரண்டு பக்கமும் ஜன்னல், முன்னால் தெரு. எல்லாம் கூடி வந்த நேரத்தில் தையற்காரர் ஒரு கேள்வி கேட்டார். “எல்லாம் சரி, நமக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்னு ஊர்ல யாராவது கேட்டா என்னன்னு சொல்றது?” நியாயமான கேள்வி. அங்கியின் தோளையும் ரொட்டியையும் நன்றியுரையையும் கொள்கையாக எழுத முடியாது அல்லவா. கடைசியில் மெக்கானிக்தான் வழி கண்டுபிடித்தார். அங்கே ஞானஸ்நானம் என்றால் தலையில் மூன்று சொட்டுத் தண்ணீர் தெளிக்கிறார்கள், நாம் ஆளையே முழுக்கிவிடுவோம், பட்டறை நடுவில் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழி இருக்கிறது, அதில் தண்ணீர் நிரப்பினால் கழுத்து வரை நிற்கும் என்றார். எல்லோருக்கும் மனசு நிறைந்துவிட்டது. நம் சபைக்கு ஆழமான கொள்கை கிடைத்துவிட்டது என்று நானே எழுந்து நின்று சொன்னேன், மச்சான். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்தது பதவிகள். இதில்தான் நான் மிகவும் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன். பழைய சபையில் மரியாதை கிடைக்காமல் மனம் நொந்து வந்தவர்கள், இங்கேயும் யாரையாவது கீழே உட்காரவைத்தால் பாவம் இல்லையா. அதனால் ஆளுக்கொரு பதவி கொடுத்துவிட்டேன். நான் தலைவர். கொட்டகை அவருடையது என்பதால் மெக்கானிக் உபதலைவர். தையற்காரர் செயலாளர், பேக்கரிக்காரர் பொருளாளர். நர்ஸம்மா பாடல் குழுத் தலைவி, குழுவில் அவர் ஒருவர்தான். பெரிய தம்பி துணைச் செயலாளர், நடுத் தம்பி கட்டடப் பொறுப்பாளர், கடைசித் தம்பி ஒழுங்குப் பொறுப்பாளர், மணி அவர் கையில். மனைவிமாரில் ஒருவர் வரவேற்புக் குழுத் தலைவி, ஒருவர் பெண்கள் சங்கத் தலைவி, மூன்றாமவர் பாடல் குழுவின் மேற்பார்வையாளர். இதைக் கேட்டதும் நர்ஸம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது, ஒருத்தியைப் பார்க்க இன்னொருத்தியா என்றார். உங்கள் குரலுக்கு ஒருத்தர் போதாது அம்மா என்று சொல்லி ஒருவாறு சமாதானப்படுத்தினேன். அன்றைக்கு எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தோம். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. பதினொரு பேர், பதினொரு பதவி, கணக்குச் சரியாக இருந்தது. அந்தக் கணக்கில் என்ன பிழை என்று முப்பத்தொரு வருட ஆய்வாளனான எனக்கே தட்டுப்படவில்லை.

பதவி ஏற்கும் முன் எல்லோரும் முழுக்கு எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. தையற்காரர் பழைய வருத்தத்தையெல்லாம் ஊசியில் கோத்துப் பதினொரு வெள்ளை அங்கி தைத்துக் கொண்டுவந்தார், தோள் கச்சிதமாக இருந்தது. தலைவர் என்ற முறையில் நான் முதலில் இறங்கினேன். தண்ணீர் கொஞ்சம் வழுவழுப்பாகத்தான் இருந்தது, அது பக்தியின் பரவசம் என்று நினைத்துக்கொண்டேன். மெக்கானிக் என் தலையைப் பிடித்து அமுக்கினார், எழுந்தேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. நர்ஸம்மா மட்டும், “மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சா போயிடும்” என்றார். பத்துப் பன்னிரண்டு வருடமாக டிராக்டரிலிருந்து சொட்டிய மசகு முழுவதும் அந்தக் குழியின் அடியில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது, மச்சான். தலைமுடியிலிருந்து கணுக்கால் வரை கறுப்பு. மற்ற பத்துப் பேரும் தங்கள் ஞானஸ்நானத்தைக் காலவரையின்றி ஒத்திவைத்துக்கொண்டார்கள். ஆகவே எங்கள் சபையில் கொள்கையை முழுமையாகக் கடைப்பிடித்தவன் நான் ஒருவன்தான். வீட்டுக்கு வந்தேன். உங்கள் தங்கை அந்த அங்கியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். “உள்ள போனப்ப வெள்ளையாத்தான போச்சு?” என்று மட்டும் கேட்டாள். நான் மண்ணெண்ணெய் டப்பாவைத் தேடிக்கொண்டு போனேன்.

தொடக்க ஆராதனை நாள் வந்தது. அறுபது நாற்காலி வாடகைக்கு எடுத்து வரிசையாகப் போட்டிருந்தோம். முன்னால் மேடை, மேடையில் நிர்வாகிகளுக்குப் பதினொரு நாற்காலி. வரவேற்புக் குழுத் தலைவி காலை எட்டு மணிக்கே வாசலில் நின்றுகொண்டார். நான் போனதும் கைகூப்பி, “வாங்க வாங்க, முதல் தடவையா வர்றீங்களா?” என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை, அப்படித்தான் கேட்க வேண்டும் என்று நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருவர் பின் ஒருவராகப் பதினொரு பேரும் வந்தோம், வரவேற்கப்பட்டோம், மேடையில் ஏறி உட்கார்ந்தோம். உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. எதிரே அறுபது நாற்காலி, ஒரு தலை இல்லை. ஒழுங்குப் பொறுப்பாளர் மேடையிலிருந்து இறங்கிப் போய் ஒழுங்காக இருந்த காலி நாற்காலிகளை மேலும் ஒழுங்காக்கினார். நர்ஸம்மா பாட்டை எடுத்தார், எடுத்த இடம் மிகவும் உயரம், யாராலும் கூடப் போக முடியவில்லை. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது தெருவில் உங்கள் தங்கை வந்தாள். பழைய ஆலயத்துக்கு எங்கள் கொட்டகை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்றாள். நான் மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரவேற்புக் குழுத் தலைவியிடம், “முட்டி வலி தேவலையா? ரொம்ப நேரம் நிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள்.

பிரசங்கம் செய்யப் போதகர் ஒருவரும் கிடைக்கவில்லை. மூன்று பேருக்கு எழுதினேன். பிரசங்கம் இருபது நிமிடம், மணி உண்டு, பதினொரு நிர்வாகிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று விதிகளைத் தெளிவாக எழுதியிருந்தேன். இரண்டு பேர் பதில் போடவில்லை, ஒருவர் எங்களுக்காக ஜெபிப்பதாக எழுதியிருந்தார். ஆகவே நானே எழுந்தேன். மச்சான், உங்களிடம் மறைக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த தெய்வ காரியம் அத்தனையும் சொல்லி முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் நான்கு நிமிடம் ஆகியிருந்தது. உட்காரப் போனேன். ஒழுங்குப் பொறுப்பாளருக்கு முகம் தொங்கிவிட்டது. “இன்னும் கொஞ்சம் பேசுங்க சார், நான் மணி அடிக்கணும்ல” என்றார். அவருக்கு அந்தச் சபையில் இருந்த ஒரே வேலை அது. மனம் கேட்காமல் மறுபடி எழுந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயமாகிய தராசு மோசடிக்குப் போனேன். அதன் பிறகு தங்கு தடை இல்லை. எடைக்கல்லில் ஈயம் சுரண்டுவது, தட்டில் புளி ஒட்டுவது, மாவில் எடை குறைத்து ரொட்டியைக் காற்றால் உப்ப வைப்பது என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வந்தேன். மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது முறை அடித்ததும் கேட்கவில்லை என்கிறார்கள். பேக்கரிக்காரர் எழுந்தது மட்டும் தெரிந்தது. “யாரை மனசுல வச்சுக்கிட்டுப் பேசுறீங்க?” என்றார். பொதுவாகத்தான் சொன்னேன் என்றேன். “இங்க பொதுன்னு யாரு இருக்கா? பதினோரு பேரு இருக்கோம், அதுல ரொட்டி போடுறவன் நான் ஒருத்தன்தான்” என்றார். ஆராதனை அத்துடன் நிறைவு பெற்றது. மொத்தம் ஐம்பத்தேழு நிமிடம் பேசினேன் என்று ஒழுங்குப் பொறுப்பாளர் நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். அந்த நோட்டு நான் வாங்கிக் கொடுத்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். சபையைப் பதிவு செய்ய மனுப் போட்டிருந்தோம். பதிவு அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிர்வாகிகள் பட்டியல் பக்கம் நிரம்பி மறுபக்கத்துக்குப் போயிருக்கிறது, உறுப்பினர்கள் என்ற இடத்தில் ஒன்றும் இல்லையே, இவர்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார்கள். நிர்வாகிகளே உறுப்பினர்கள்தான் என்று எழுதிவிடலாம் என்றார் தையற்காரர். அதற்கும் வழியில்லை. எடை போடுகிறவனே சரக்கு வாங்குகிறவனாக இருக்கக் கூடாது என்பது எங்கள் இலாகாவின் முதல் விதி. அதே நேர்மையில், பதவியில் இருக்கிறவர் வாக்களிக்கக் கூடாது, பதவி இல்லாத உறுப்பினர் சொல்வதே முடிவு என்று சபைச் சட்டத்தில் நானே எழுதி, பதினொரு பேரிடமும் கையெழுத்து வாங்கி, மனுவோடு இணைத்து அனுப்பியிருந்தேன். ஆகவே யாராவது ஒருவர் பதவியை விட்டுக் கீழே இறங்கிச் சாதாரண உறுப்பினர் ஆக வேண்டும். அதற்காக ஒரு கூட்டம். மூன்று மணி நேரம். ஒவ்வொருவரும் மற்ற பத்துப் பேரின் தாழ்மையைப் புகழ்ந்து பேசினார்கள். சீட்டுக் குலுக்கினோம், நர்ஸம்மா பேர் வந்தது. “சாதாரண ஆளா இருக்கணும்னா நான் அங்கயே இருந்திருப்பேனே, இந்த வெயில்ல தகரக் கொட்டகைக்கு எதுக்கு வர்றேன்?” என்றார். அப்போதுதான் மெக்கானிக், “தலைவரோட வீட்டம்மா இருக்காங்களே” என்றார். பத்துப் பேரும் என் பக்கம் திரும்பினார்கள். வருகிற ஞாயிற்றுக்குள் உங்கள் தங்கை வந்து கீழே உட்காரவில்லை என்றால் என் தலைவர் பதவி மெக்கானிக்குக்குப் போகும். “சொந்த வீட்ல ஒரு ஆளைக் கூட்டிட்டு வர முடியாதவரு ஊரை எப்படிக் கூட்டிட்டு வருவாரு?” என்று தம்பி ஒருவர் கேட்டதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். உங்கள் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு வாரம் வந்து உக்காரு. மூணாவது வரிசை, ஜன்னலோரம், நல்ல காத்து வரும்.”

“வந்து என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். சாதாரண உறுப்பினரா இருந்தாப் போதும்.”

“அங்க நான் சாதாரணமாத்தான இருக்கேன். அதுக்கு எதுக்குங்க சபை மாறணும்?”

“வேணும்னா உனக்கும் ஒரு பதவி...” என்று ஆரம்பித்து, அப்படிக் கொடுத்தால் மறுபடி உறுப்பினர் இல்லாமல் போய்விடும் என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். அவள் என் சட்டையை உதறி மடித்து வைத்துவிட்டு, “நாக்கு வறண்டு போச்சு உங்களுக்கு, டீ போடவா?” என்றாள். மச்சான், சண்டை போட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன். இவள் டீ போடுகிறாள்.

முப்பத்துமூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குவோம். இப்போது இரண்டு சாவி செய்துகொண்டோம். மேடையில் உட்கார்ந்து கண்ணை மூடினால் எனக்கு ஜெபம் வரவில்லை. பக்கத்தில் அவள் தொண்டையைச் செருமுகிற சத்தம் இல்லாமல் நான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றே தெரியவில்லை. இது பதவிக்காகச் சொல்கிற வார்த்தை இல்லை. பதவிக்காகச் சொல்வது இனிமேல்தான் வருகிறது.

உலகத்தில் உங்கள் தங்கை கேட்கிற ஒரே பேச்சு உங்கள் பேச்சு. நீங்கள் கண்ணை உருட்டினால் அவள் சிறு பிள்ளையாகிவிடுவாள் என்று கல்யாணத்தன்றே பார்த்தேன். ஆகவே தயவுசெய்து உடனே அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று வாசகத்தையும் நானே தயாரித்திருக்கிறேன். அப்படியே உங்கள் கையெழுத்தில் எழுதினால் போதும்: ‘அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. உன் கணவர் தொலைநோக்கு உள்ளவர். அவர் தொடங்கிய சபைக்கு நீ போகாமலிருப்பது நம் குடும்பத்துக்கு அழகல்ல. வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் மூன்றாம் வரிசையில் இருக்கவும். இதை எனக்கு எழுதச் சொன்னவர் யாரும் இல்லை.’ இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம், விட்டுவிடாதீர்கள்.

நேரம் இல்லை, ஆகையால் இத்துடன் முடிக்கிறேன். அக்காவின் இடுப்பு வலிக்கு எங்கள் சபையின் பதினொரு நிர்வாகிகளும் தனித்தனியாக ஜெபிக்கிறார்கள், ஆகையால் பதினொரு மடங்கு குணம் தெரியும். பிள்ளைகள் இருவருக்கும் ஆயுளும் அறிவும் கொஞ்சம் அடக்கமும் பெருகும்படி என் ஆசிகள். பக்கத்து வீட்டுக்காரர் என்னை விசாரித்தால் நலம் என்று மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மேல் பட்சமுள்ள மைத்துனன்,
தலைவர், புதிய சபை (பதிவு நிலுவையில்)

பி.கு.: மச்சான், மேலே எழுதியதற்கும் இதற்கும் நடுவில் ஆறு வாரம் ஓடிவிட்டது. மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். நடந்தது இதுதான். கடிதத்தை ஒட்டி, முப்பத்துமூன்று வருடப் பழக்கத்தில், தபாலில் போடச் சொல்லி உங்கள் தங்கையின் கையிலேயே கொடுத்துவிட்டேன். அண்ணனுக்கு இவ்வளவு கனமாக என்ன எழுதியிருக்கிறார் என்று பிரித்துவிட்டாள். மேலே மையைத் தடவி அழித்திருக்கும் இரண்டு வரி அவள் வேலை, அதில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை வரை வழக்கம்போல டீ போட்டுக் கொடுத்தாள். சனிக்கிழமை மட்டும், “நாலு பக்கம் சட்டம் எழுதியிருக்கீங்க, நடுவுல நாலு வரி மனுசன் எழுதியிருக்கான்” என்றாள். ஞாயிறு ஒன்பது மணிக்குக் கொட்டகைக்குள் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். வரவேற்புக் குழுத் தலைவி அழுதேவிட்டார். உடனே உறுப்பினர் படிவத்தில் கையெழுத்து வாங்கித் தேர்தலை ஆரம்பித்தோம். தையற்காரர் பதவிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். உங்கள் தங்கை முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து, “ஒரு பதவியும் வேண்டாம். எல்லாரும் கீழ இறங்கி உக்காருங்க” என்றாள். இப்படி ஒரு தீர்மானத்துக்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று பத்துப் பேரும் என்னைக் கேட்டார்கள். பதவி இல்லாத உறுப்பினர் சொல்வதே முடிவு. நான் எழுதியது. இருக்கிறது என்றேன்.

இறங்கினோம். மேடையில் யாரும் இல்லை என்பதால் ஆராதனையை ஆரம்பிக்க ஆள் இல்லை. நான் வாயைத் திறந்தபோது உங்கள் தங்கை, “கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்” என்றாள். சும்மா இருந்தோம். ஒரு மணி நேரம் பன்னிரண்டு பேரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். பேக்கரிக்காரர் அழுதார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த வாரம் பழைய சபையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அங்கே யாரும் பேச மாட்டார்களாம் என்று செய்தி பரவி, அதற்கடுத்த வாரம் பதினெட்டுப் பேர். நான்காவது வாரம் போதகரின் மனைவியே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது உங்கள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்லயும் அவர் அப்படித்தாங்க பேசுவார்” என்றார். போன ஞாயிறு அறுபது நாற்காலியும் நிரம்பி ஜன்னலோரம் ஆள் நின்றார்கள். நான் உங்கள் தங்கைக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன், மிகவும் நிம்மதியாக இருந்தது. இத்தனை பேர் சேர்ந்த பிறகு வருகைப் பதிவுக்காகவாவது ஒரு செயலாளர் இல்லாமல் எப்படி என்று ஒரு கணம் நினைத்தேன். மனதில்தான் நினைத்தேன், மச்சான், வாயைத் திறக்கவில்லை. உங்கள் தங்கை மூடிய கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இந்தப் பின்குறிப்பை எழுத மட்டும் என்று சொல்லி அதைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள், கையை நீட்டுகிறாள், கொடுத்துவிடுகிறேன்.